பங்சார் காண்டோவில் ஒரு பரோலோ 2016: 2037 வரை காப்பாற்ற முடியுமா?

மேற்குஜன்னல்:
வணக்கம். கையில் இருப்பது ஒரே ஒரு புட்டி பரோலோ (இத்தாலியச் சிவப்பு வைன்), 2016 அறுவடை. மகள் பிறந்த ஆண்டு என்பதால் அவளுக்கு 21 வயது ஆகும்போது திறக்க உத்தேசம். வீடு கோலாலம்பூர் பங்சாரில் 18ஆம் மாடி, மதிய வெயில் நேராக அடிக்கும். படுக்கையறை ஏர்கோன் இரவில் மட்டும் ஓடும், 24 டிகிரியில். அந்த அறை அலமாரியில், துணிகளுக்கு நடுவே புட்டியைப் படுக்கவைத்து நாலு மாதம் ஆகிறது. இது போதுமா? குசினி ஐஸ்பெட்டிக்கு மாற்றலாமா? வைன் கூலர்தான் வழி என்றால் எந்த வகை? ஒரு புட்டிக்காகப் பெரிய செலவு செய்ய மனமில்லை. கெட்டுப்போனாலும் மனம் கேட்காது.

கார்க்திருகி:
அலமாரி வேண்டவே வேண்டாம். சூடு ஒரு பக்கம் என்றால், தினமும் ஏறி இறங்குவது இன்னொரு பக்கம். பகலில் 31, இரவில் 24. வைன் 10 டிகிரி சூடேறினால் 750 மில்லிக்கு ஏறத்தாழ 2 மில்லி விரியும். கழுத்தில் கார்க்குக்குக் கீழே உள்ள காற்றிடமே சில மில்லிதான். பகலில் அழுத்தம் ஏறி கார்க் ஓரமாக வைன் கசியப் பார்க்கும், இரவில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மாதக்கணக்கில் இப்படியே நடந்தால் சைக்கிள் பம்பு அடிப்பது போலத்தான். ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விடும்.

முதலில் புட்டியைப் பாருங்கள். நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வைன் மட்டம் கழுத்துக்குள் இருக்க வேண்டும். தோள் வளைவு வரை இறங்கியிருந்தால் சந்தேகம்தான். கார்க்கை மூடியிருக்கும் மேலுறையின் அடிவிளிம்பை விரலால் தடவுங்கள். பிசுபிசுப்போ காய்ந்த சிவப்புக் கோடோ இருந்தால் கசிந்திருக்கிறது. மேலுறைத் தலை குமிழ் போல உப்பியிருந்தால் கார்க் எழும்பியிருக்கிறது. கசிந்திருந்தால் உறை ஒட்டிக்கொண்டு சுழலாது என்ற சோதனையை நம்பாதீர்கள், சில உறைகள் ஆலையிலிருந்தே இறுக்கமாக வருபவை. எல்லாம் சரியாக இருந்தால் நாலு மாதத்தில் பெரிய சேதம் இருக்காது. இன்னும் இரண்டு வருடம் அங்கேயே விட்டால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

செந்தூல்வாசி:
ஐஸ்பெட்டி பற்றி ஒரு வார்த்தை. பலர் கூடாது என்பார்கள். நீண்ட காலத்துக்குக் கூடாதுதான். 4 டிகிரியில் வைன் முதிர்வது ஏறக்குறைய நின்றுவிடும், உள்ளிருக்கும் வறண்ட காற்றில் கார்க் காய்ந்து சுருங்கும். ஆனால் கூலர் வாங்கும்வரை சில வாரங்களுக்கு, 30 டிகிரி அலமாரியைவிட 4 டிகிரி காய்கறித் தட்டு எவ்வளவோ மேல். கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் ராப் சுற்றி, படுக்கவைத்து, கதவுப் பக்கம் இல்லாமல் வைத்துவிடுங்கள்.

கூலர் என்றால் கம்ப்ரசர் வகை மட்டும். தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி (கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விப்பது) சத்தமில்லாதது, விலையும் குறைவு. ஆனால் அறைச் சூட்டைவிட 10, 15 டிகிரி குறைப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். ஏர்கோன் இல்லாத கேஎல் ஹாலில் 32 என்றால் உள்ளே 18, 20தான் கிடைக்கும். நமக்கு வேண்டியது 13. பின்பக்கம் காற்றுப் போகும் வகை என்றால் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். வாஷிங் மெஷின் பக்கத்தில் வேண்டாம், அதிர்வு கூடாது.

மேற்குஜன்னல்:
நன்றி அண்ணா. மட்டம் கழுத்திலேயே இருக்கிறது, கசிவு இல்லை. கடையில் பார்த்த 12 புட்டி கம்ப்ரசர் கூலரின் பின்பக்க ஸ்டிக்கரில் 'என்' என்று மட்டும் போட்டிருக்கிறது. அது என்ன? அடுப்புக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது.

செந்தூல்வாசி:
அது தட்பவெப்ப வகுப்பு. 'என்' என்றால் 16 முதல் 32 டிகிரி வரையான அறைக்குச் செய்தது. 'எஸ்டி' 38 வரை, 'டி' 43 வரை. அடுப்புப் பக்கம் மதியம் 34 தொட்டால் 'என்' பெட்டி இடைவிடாமல் ஓடும், கம்ப்ரசர் சீக்கிரம் போகும். இங்கே 'எஸ்டி' அல்லது 'டி' பார்த்து வாங்குங்கள், இடத்தையும் மாற்றுங்கள்.

வாங்கியதும் முன்பக்க எண்ணை நம்பாதீர்கள். அது காற்றின் சூடு, 11க்கும் 15க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருக்கும். பழைய வைன் புட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒயர் வைத்த தெர்மாமீட்டரின் முனையை அதற்குள் விட்டு, வாயைச் சுற்றி டேப் ஒட்டி உள்ளே படுக்கவையுங்கள். இரண்டு நாள் கழித்துக் காட்டும் எண்தான் உங்கள் பரோலோவின் சூடு. அது 13ஐச் சுற்றி அசையாமல் இருந்தால் போதும். சரியாக 12ஆ 14ஆ என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

பினாங்கு_பாதாளம்:
எனக்கு வேறு கணக்கு. 2037 வரை ஒரே கூலர் ஓடும் என்று எண்ணக் கூடாது. பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்தாலே பெரிது, இடையில் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும். நீங்கள் விடுமுறையில் ஊரில் இல்லாத வாரத்தில் நின்றால்? ஒரே புட்டி என்றால் வாடகைக்கு வைன் வைக்கும் கிடங்கைத்தான் முதலில் விசாரிப்பேன். கேட்க வேண்டியது மூன்று: கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, சூட்டுப் பதிவைக் காட்டுவார்களா, இன்சூரன்ஸ் யார் பெயரில். ஒரு புட்டிக்கு இடம் தருவார்களா என்பதையும் கேளுங்கள், சில இடங்களில் பெட்டிக் கணக்கில்தான் எடுப்பார்கள். வீட்டிலேயே வைப்பதானால் சூடு 18 தாண்டினால் போனுக்குச் செய்தி அனுப்பும் வைஃபை சென்சார் ஒன்று போடுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். புட்டிகள் நிறைந்த பெட்டி சில மணி நேரம் தாங்கும். காலி இடத்தைத் தண்ணீர் புட்டிகளால் நிரப்புங்கள்.

லேபிளுக்கும் ராப் சுற்றுங்கள், நம் ஊர் ஈரத்தில் கரும்பூஞ்சை பிடிக்கும்.

கார்க்திருகி:
திறக்கும் நாளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் முன்னால் அதே கூலருக்குள் நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். இருபது வருடக் கார்க் திருகாணியில் பொடிந்துவிடும். இரண்டு தகடு உள்ள ஆ-சோ திறப்பானால் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி இறக்கி, சுழற்றி எடுக்க வேண்டும். கழுத்துக்கு அடியில் டார்ச் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள், கறுப்பு இழை கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். 'அறைச் சூட்டில் பரிமாறு' என்று எழுதியிருப்பது ஐரோப்பிய அறைக்கு. 13இல் எடுத்து ஊற்றினால் பங்சார் ஹாலில் அதுவே சீக்கிரம் 17க்கு வந்துவிடும். கிளாஸைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.