பைபர் போட் கொட்டிலில் ரெசின் ஆவி, பெடியனுக்குத் தலைசுற்று: எந்த ஃபேன் பூட்டலாம்?

கொட்பே_வள்ளம்:
வணக்கம். திருகோணமலை கொட்பேப் பக்கம் நானும் மூன்று பெடியளும் பைபர் வள்ளம் செய்கிறோம். கச்சான் காற்று தொடங்கியதும் மண் பறந்து ஜெல்கோட்டில் (வள்ளத்தின் வெளிப்பூச்சு) ஒட்டியது. அதனால் கொட்டிலின் மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் அடைத்தேன். பிரச்சினை அதற்குப் பிறகுதான். அச்சுக்குள் இறங்கி மேட் (கண்ணாடி இழை விரிப்பு) விரித்து ரோலர் இழுக்கிறவனுக்கு அரை மணித்தியாலத்தில் கண் எரிகிறது, தலை சுற்றுகிறது. நேற்று ஒருவன் குடித்தவன் போலத் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தான். சாராயம் தொடாத பிள்ளை, 19 வயது. அவன் தாயிடம் நான்தான் கேட்டுக் கூட்டி வந்தேன். இரவு முழுக்க நித்திரை இல்லை.

கூரையில் 12 அங்குல எக்ஸோஸ்ட் ஃபேன் இருக்கிறது. எல்லோரும் என்95 மாஸ்க் போடுகிறார்கள். எனக்கு இப்போது மணமே பெரிதாகத் தெரிவதில்லை, ஆவி குறைந்துவிட்டதா? இன்னும் பெரிய ஃபேன் வாங்கவா?

சீனக்குடா_பிட்டர்:
என்95 தூசிக்கு. ஆவி அதற்குள்ளால் அப்படியே போகும். கரிமக் கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பூட்டிய ரப்பர் மாஸ்க் வேண்டும்: ஐரோப்பியத் தரமென்றால் பழுப்புக் கோடு, அமெரிக்கத் தரமென்றால் கறுப்பு. அந்தத் தம்பியை இன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். ‘ரெசின் வேலை, ஸ்டைரீன்’ என்று சொல்ல மறக்க வேண்டாம், ரெசினிலிருந்து வரும் ஆவி அதுதான்.

காற்றோட்டம்_பார்த்தவன்:
அண்ணை, மணம் தெரியவில்லை என்பதை நம்பவே வேண்டாம். புது மூக்குக்கு ஸ்டைரீன் 1 பிபிஎம்முக்கும் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழேயே தெரியும். பழகிய மூக்கு மரத்துப்போகும். அமெரிக்காவின் பழைய சட்ட வரம்பு 8 மணித்தியாலச் சராசரி 100 பிபிஎம். அங்குள்ள தொழிற்சுகாதார நிபுணர் அமைப்பு தன் பரிந்துரையை 2020இல் 10க்கு இறக்கிவிட்டது. தள்ளாடினான் என்றால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

அடுத்தது ஃபேன். இந்த ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு பாரம், ஈர ரெசினுக்கு மேல் அச்சின் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். கூரை ஃபேன் அதில் கொஞ்சத்தை இழுத்தாலும், குனிந்து நிற்கிறவனின் முகத்தைத் தாண்டித்தான் இழுக்கும். பெரிய ஃபேன் போட்டாலும் பாதை அதேதான்.

விளக்கை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைக்கலாம். மூச்சை உள்ளே இழுத்து அணைக்க முடியுமா? 6 அங்குலக் குழாயின் வாயிலிருந்து 6 அங்குலம் தள்ளினாலே இழுவை பத்தில் ஒன்றாகிவிடும். ஊதும் காற்றோ அதே பத்தில் ஒன்றாகக் குறைய ஏறத்தாழ 30 மடங்கு தூரம் போகும். அதனால் ஊதுங்கள். தகரத்தின் கீழ்ப்பாதியைக் கழற்றி, மண் வராமல் நெருக்கமான கண் உள்ள வலைத்துணி கட்டுங்கள். அச்சை மேற்குக் கிழக்காகத் திருப்பி, வேலை செய்கிறவனின் முதுகுப் பக்கமிருந்து குழாயால் நல்ல காற்றை உள்ளே விடுங்கள். எதிர்ப்பக்கம் கீழே திறந்திருக்கட்டும், அங்கே ஆட்கள் இருக்கக் கூடாது.

கொட்பே_வள்ளம்:
மில்லில் கழற்றிய பழைய ப்ளோவர் ஒன்று கிடக்கிறது. மோட்டர் நெருப்புப் பொறி விடுமே?

காற்றோட்டம்_பார்த்தவன்:
நல்ல கேள்வி. ஸ்டைரீன் 31 பாகையளவிலேயே பற்றும் ஆவி விடும், திருமலை மத்தியானத்துக்கு அது பெரிய சூடு இல்லை. ரோலர் கழுவும் அசிட்டோன் என்றால் எந்த நேரமும். ப்ளோவரைக் கொட்டிலுக்கு வெளியே, காற்று வரும் பக்கம் வையுங்கள். மோட்டரைத் தொடுவது நல்ல காற்று மட்டும். அந்தக் கூரை ஃபேனை நிற்பாட்டிவிடுங்கள், அது ஆவிக்குள்ளேயே சுழல்கிறது.

கிண்ணியா_மோல்ட்:
நானா, எங்கள் அனுபவம் ஒன்று. பாதி ஆவி வருவது வள்ளத்திலிருந்து இல்லை, திறந்து கிடக்கிற வாளியிலிருந்தும் அசிட்டோன் துணியிலிருந்தும். மூடியுள்ள தகர டின் வைத்த பிறகு எங்கள் கொட்டிலே மாறிவிட்டது. மிஞ்சிய ரெசினை வாளியோடு விடாதீர்கள், சூடேறிப் புகைக்கும். ரெசினை இறுக்கும் ஹார்ட்னரையும் அதை விரைவாக்கும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேராக ஒன்றாக ஊற்றவேண்டாம், வெடிக்கும். அப்புறம், தாடி இருந்தால் ரப்பர் மாஸ்க் முகத்தில் ஒட்டாது. என்னைப் போன்றவர்களுக்குக் காற்று ஊதும் தலைக்கவசம்தான் சரி.

கொட்பே_வள்ளம்:
ஒன்பது நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். ப்ளோவர் வெளியே, குழாய் முதுகுப் பக்கம், ஆளுக்கொரு கார்ட்ரிட்ஜ் மாஸ்க். மேட் போடுவதை விடிய 6 மணிக்கு மாற்றினேன். கண் எரிவு இல்லை. வைத்தியர் தம்பியைப் பார்த்து இரண்டு கிழமை ரெசின் வேலை வேண்டாம் என்றார். சம்பளத்தோடு மரவேலையில் விட்டிருக்கிறேன். ஆனால் முன்பக்க மூடிய அறைக்குள் கை போடும்போது இன்னும் தலை பாரமாக இருக்கிறது.

காற்றோட்டம்_பார்த்தவன்:
குழாயின் நுனியை அந்த அறைக்குள்ளேயே நீட்டுங்கள். தலை உள்ளே போகும் வேலையென்றால் வெளியே ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும். கார்ட்ரிட்ஜை வேலை முடிந்ததும் இறுக்கமான பையில் கட்டி வையுங்கள், வெளியே தொங்கினால் சும்மாவே தீரும். மாற்றும் திகதியை அதிலேயே எழுதிவிடுங்கள்.