சுழலும் கருந்துளைச் சுருள்பாதைக் கணிப்பில் வழு: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பத்து லட்சம் சூரிய நிறையும் 0.9 சுழற்சியும் (உச்ச அளவு 1) கொண்ட ஒரு கெர் கருந்துளைக்குள் (சுழலும் கருந்துளைக்குள்), பத்து சூரிய நிறை கொண்ட சிறு கருந்துளை ஒன்று ஈர்ப்பலைகளை உமிழ்ந்தபடி சுருண்டு விழுவதைப் பைத்தானில் கணித்துவருகிறேன். 2035-இல் ஏவத் திட்டமிடப்பட்டுள்ள லீசா என்னும் ஈர்ப்பலை ஆய்வு விண்கலங்கள் தேடப்போகும் அலைகளில் இவையும் ஒரு வகை.

ஆற்றல், அச்சுவழிக் கோண உந்தம், கார்ட்டர் மாறிலி (பாதையின் சாய்வோடு தொடர்புடைய, கெர் வெளியில் மாறாத மூன்றாவது அளவு) ஆகிய மூன்றும் மாறும் வீதங்களுக்குப் பின்-நியூட்டனிய வாய்பாடுகளையே (நியூட்டன் விதிக்குச் சார்பியல் திருத்தங்களைப் படிப்படியாகச் சேர்க்கும் தோராயங்களையே) பயன்படுத்துகிறேன். ஆரம் மிகக் குறையும், மிகக் கூடும் திரும்புபுள்ளிகளில் ஆர இயக்கச் சமன்பாட்டிலுள்ள வர்க்கமூலத்தின் குறி மாறும் தொல்லையை, ஆரத்தை ஒரு கோணத்தால் எழுதித் தீர்த்துவிட்டேன் (அதற்கே இரண்டு வாரங்கள் போயின).

சிக்கல் இதுதான்: கருந்துளையின் நடுவரைத் தளத்துக்கு 30 பாகை சாய்ந்த பாதையின் மையத்தொலைத்தகவு (வட்டத்திலிருந்து விலகும் அளவு; வட்டத்துக்கு 0) 0.1-இல் தொடங்கிச் சீராகக் குறைந்து, 0.01-ஐ நெருங்கியதும் திடீரென ஏறத் தொடங்குகிறது. விழுவதற்குச் சற்று முன் அது உண்மையிலேயே கூடும் என்பதை அறிவேன். ஆனால் இங்கே ஆரம் இன்னும் ஈர்ப்பு ஆர (GM/c²) அலகில் 5 என்பதால், கடைசி நிலைப்பாதை (அதற்குள் போனால் நேரே விழுந்துவிடும் எல்லை) வெகு தொலைவில் இருக்கிறது. வட்டப்பாதை வட்டமாகவே நீடிக்கும் என்று கென்னஃபிக்கும் ஓரியும் 1996-இல் காட்டிய நிபந்தனையை என் வாய்பாடுகள் மீறுவதால், எஞ்சும் சிறு பிழை மையத்தொலைத்தகவால் வகுபட்டுப் பெருகுகிறது என ஐயுறுகிறேன்.

கார்ட்டர் மாறிலியின் வீதத்தை மட்டும் திருத்தி அந்நிபந்தனையைத் திணிப்பது போதுமா, அல்லது டியுகோல்ஸ்கி சமன்பாட்டை (சுழலும் கருந்துளையின் மீதான சிறு குலைவுகளை விவரிப்பதை) தீர்த்துப் பெற்ற வீதங்களின் அட்டவணைக்கே மாறிவிட வேண்டுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன். கேட்பவர்களுக்கு நிரலையும் வரைபடத்தையும் அனுப்புகிறேன்.