மவுத் ஆர்கன் பை: எல்லாம் ஒரே கம்பெனியா, கலந்து வாங்கலாமா?

மயிலாடுதுறையிலிருந்து

வணக்கம். இரண்டு வருடமாகப் பத்துத் துளை மவுத் ஆர்கன் வாசிக்கிறேன். கையில் இருப்பது ஒன்றுதான்: ஹோனர் ஸ்பெஷல் 20, சி சுருதி, அதாவது 1 கட்டை. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் நான்கு பேர் கிடார், கீபோர்டு என்று சேர்ந்து உட்காருகிறோம். பாடுகிற அக்காவுக்கு 5 கட்டை, அதாவது ஜி, சில பாட்டுக்கு 5½. இன்னொரு தம்பிக்கு 2, அதாவது டி. என் சி-யை வைத்துக்கொண்டு பாதிப் பாட்டுக்கு நான் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் நான்கைந்து சுருதிகளில் வாங்கி ஒரு பை தயார் செய்ய வேண்டும். எல்லாமே ஹோனராக இருக்கட்டுமா? லீ ஆஸ்கர், சுஸுகி என்று கலந்து வாங்கலாமா? பெட்டியில் அச்சடித்திருப்பதையெல்லாம் படித்துவிட்டேன். உங்களுக்கு வாசிக்கும்போது என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

கும்பகோணத்திலிருந்து

தம்பி, இருபது வருடமாக வாசிக்கிறேன். ஒரு காலத்தில் என் பையில் நான்கு கம்பெனி இருந்தது. யோசித்துச் செய்ததில்லை. கையில் காசு சேர்ந்தபோது ஒன்று, சென்னைக்குப் போன நண்பர் வாங்கி வந்தது ஒன்று, இப்படிச் சேர்ந்தது.

திருவாரூர் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டு 5 கட்டையில் தொடங்கி, கடைசிச் சரணத்தில் 6 கட்டைக்கு ஏறும். நடுவில் எனக்குக் கிடைப்பது நாலு தாளம். ஜி-யைக் கீழே வைத்து ஏ-யை எடுத்தேன். இரண்டும் வேறு வேறு கம்பெனி. முதலாவதன் மேல்தகடு மெல்லியது, உதட்டுக்குள் நன்றாகப் போகும். இரண்டாவது தடிமன், விளிம்பு சதுரமாக நிற்கும். 4-ஆம் துளை என்று நினைத்து வாய் வைத்தேன், 4-உம் 5-உம் சேர்ந்து ஒலித்தன. திருத்திக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தால், முன்னதற்குத் தேவைப்பட்ட மூச்சு இதற்கு அதிகமாகி, உள்ளே அதிர்ந்து ஒலிக்கும் ரீட் என்ற மெல்லிய தகடு ஒரு கணம் அடைத்துக்கொண்டது. இரண்டு வாத்தியத்திலும் குறை எதுவும் இல்லை. வீட்டில் தனித்தனியாக வாசித்தால் இரண்டும் தங்கம். மாற்றிய அந்த நாலு தாளத்தில் என் வாய்தான் வழி தெரியாமல் நின்றது.

நாதஸ்வரத்தில் நூல் கட்டித் தொங்கும் சீவாளிகளை, அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதிகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தனையும் ஒரே வாய்க்குப் பழகியவை. ஒன்று சரிவராவிட்டால் கச்சேரி நடுவிலேயே அடுத்ததை மாட்டி, அதே மூச்சில் தொடர்கிறார் வித்வான். நம் பையும் அப்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

இன்னொரு விஷயத்தை வீட்டில் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்தபோது கண்டுபிடித்தேன். 4, 5, 6 துளைகளைச் சேர்த்து ஊதினால் ச-க-ப வரும். ஒரு மவுத் ஆர்கனில் அது அசையாமல் நின்றது. தம்பூராவை மீட்டினால் தானாக எழும் அந்தர காந்தாரம் இருக்கிறதே, சுயம்பு காந்தாரம், அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. இன்னொன்றில் அலை அலையாக அடித்தது. காரணம் சுருதி சேர்க்கும் முறை. ஹோனர் மரைன் பேண்ட், ஸ்பெஷல் 20 போன்றவற்றில் சேர்த்து ஊதும்போது இனிமையாக ஒலிக்கும்படி காந்தாரத்தைச் சற்று இறக்கி வைக்கிறார்கள். லீ ஆஸ்கரில் கீபோர்டு போல எல்லா அரைச் சுரமும் சம இடைவெளி. ஓர் அரைச் சுரத்தை 100 பங்காக்கினால், இயற்கையான அந்தர காந்தாரம் கீபோர்டு காந்தாரத்தை விட 14 பங்கு கீழே இருக்கும். சி மவுத் ஆர்கனில் 5-ஆம் துளையை முழு இயற்கைச் சுருதியில் வைத்து, கீபோர்டில் அதே சுரத்தை அழுத்திப் பிடித்தால் நொடிக்கு ஐந்து முறை அதிரும். நடைமுறையில் கம்பெனிகள் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிறுத்துவதால் அதிர்வு அதைவிடக் குறையும். ஆனாலும் காது கண்டுபிடித்துவிடும்.

அதனால் ஒரே பாட்டில் ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்குத் தாவினால், பக்கத்தில் கீபோர்டு வாசிப்பவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். என் முடிவு இதுதான்: மேடையில் மாற்றி மாற்றி எடுக்கிற சுருதிகள் எல்லாம் ஒரே கம்பெனி மட்டுமில்லை, ஒரே மாடலாகவே இருக்கட்டும். அந்த மாடலால் ஆகாத வேலைக்கு மட்டும் இன்னொரு கம்பெனி. உங்களிடம் ஏற்கெனவே ஸ்பெஷல் 20 இருக்கிறது, வாய் பழகிவிட்டது. அதிலேயே போங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து

கும்பகோணம் அண்ணன் சொன்னது சரி. எங்கள் ஊர்க் காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே துளைகளைப் பிரிக்கும் பாகம் சீப்பு மாதிரி இருக்கும். அது மரமா, பிளாஸ்டிக்கா, உலோகமா என்று பார்க்காமல் ஆரம்பத்தில் மரச் சீப்பு ஒன்று வாங்கினேன். நாதம் உருக்கமாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் எச்சில் ஈரமும் கடல் காற்றும் சேர்ந்து மரம் ஊதிவிட்டது. சீப்பின் பற்கள் ஒவ்வொன்றும் அரிசி நுனி அளவு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. ஒரு பாட்டில் 2-லிருந்து 6 வரை வேகமாக இழுத்துக்கொண்டு போனேன், கீழுதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. மாசியில் மரம் காய்ந்து சுருங்கியதும் இடுக்கு வழியாகக் காற்று கசிந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே பேச்சில்லை, பூச்சு இல்லாத மரம் எதுவானாலும் டெல்டாவில் இதுதான் நடக்கும்.

மர நாதம்தான் வேண்டுமென்றால் பூச்சுப் பூசி, திருகாணி போட்ட மரைன் பேண்ட் டீலக்ஸ் மாதிரி எடுங்கள். 1896-இல் வந்த அசல் மரைன் பேண்ட் ஆணி அடித்தது, திறந்து துடைப்பதே பெரும்பாடு. நான் இப்போது முழுக்கப் பிளாஸ்டிக் சீப்புக்கு மாறிவிட்டேன். வாசித்து முடித்ததும் துளைப்பக்கம் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் தட்டி ஈரத்தை எடுத்து, அரை மணி நேரம் திறந்து வைத்த பிறகுதான் பெட்டியில் போடுவேன்.

தஞ்சாவூரிலிருந்து

நான் இதில் மாறுபடுகிறேன். என் பையில் இன்றைக்கும் மூன்று கம்பெனி இருக்கிறது, வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். சாதாரணமாகக் கிடைக்கும் சுருதிகளில் ஜி-தான் மிகத் தாழ்ந்தது, எஃப் ஷார்ப் மிக உயர்ந்தது. ஜி-யின் 1, 2 துளைகளில் ரீட் நீளமாக இருக்கும், மெதுவாக அசையும், அதற்குத் தளர்ந்த மூச்சு வேண்டும். எஃப்-இன் 9, 10 துளைகளில் ரீட் ஒரு நகக்கீற்று அளவுதான், ஊசி மாதிரி மூச்சு வேண்டும். இரண்டையும் ஒரே கம்பெனிதான் நன்றாகச் செய்ய வேண்டும் என்று என்ன கட்டாயம்? எனக்குத் தாழ்ந்த சுருதிக்கு ஒன்று பிடித்தது, உயர்ந்ததற்குச் சுஸுகி மாஞ்ஜி பிடித்தது. ஆறு மாதம் தினமும் மாற்றி மாற்றி எடுத்துப் பழகினேன், வாய் கற்றுக்கொண்டது. நாற்பது பக்கம் எழுதினாலும் உங்கள் மூச்சு எப்படி என்று எங்களுக்குத் தெரியாது. யாரிடமாவது இருந்தால் ஒரு சாயங்காலம் போய்க் கேளுங்கள், பாருங்கள்.

மன்னார்குடியிலிருந்து

ஒரு வரிதான். ஏழு சுருதியும் ஒரே பெட்டியில் மலிவாக வருகிறதே என்று வாங்கினேன். ஏழில் மூன்றுதான் வாசிக்கத் தேறியது. அந்தப் பணத்துக்கு நல்லதாக இரண்டு வாங்கியிருக்கலாம்.

திருவையாற்றிலிருந்து

நான் வாய்ப்பாட்டு கற்றவள், மவுத் ஆர்கன் பிறகு வந்தது. கும்பகோணம் அண்ணா "அந்த மாடலால் ஆகாத வேலை" என்றாரே, அது என்ன என்று சொல்கிறேன்.

ஒரு சி-யிலேயே ஷட்ஜத்தை நகர்த்தினால் எத்தனை ராகம் வருகிறது பாருங்கள். சி-யில் நின்றால் சங்கராபரணம். ஜி-யை ஷட்ஜமாக்கினால் ஹரிகாம்போஜி, டி-யில் கரகரப்ரியா, ஏ-யில் நடபைரவி, ஈ-யில் தோடி, எஃப்-இல் கல்யாணி. அப்படியென்றால் அக்காவின் 5 கட்டைக்கு உங்கள் சி-யே ஹரிகாம்போஜி சாயல் பாட்டுகளுக்குப் போதும், தம்பி. புதிதாக வாங்குவதற்கு முன் இதை வாசித்துப் பாருங்கள். கீழ் ஸ்தாயியில் எஃப்-உம் ஏ-யும் கிடையாது என்பது உண்மைதான். 2-ஐ இழுத்து, வாயாலேயே சுரத்தை ஒரு முழுச் சுரம் கீழே வளைத்தால் எஃப், 3-ஐ அதே போல வளைத்தால் ஏ. நாள் கணக்கில் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்தால்தான் அது சரியான இடத்தில் நிற்கும். ஆனால் கமகத்துக்கு அந்த வளைவு போல இன்னொன்று கிடையாது.

ஆனால் கீரவாணி இந்த வழியில் வராது. அதற்காகத்தான் என் பையில் ஒரு லீ ஆஸ்கர் இருக்கிறது. லீ ஆஸ்கர் டென்மார்க்கில் பிறந்த வாசிப்பாளர், ஜப்பானின் டோம்போ கம்பெனி 1983-இலிருந்து அவர் பெயரில் செய்கிறது. சாதாரண மேஜரோடு, மெலடி மேக்கர், நேச்சுரல் மைனர், ஹார்மோனிக் மைனர் என்று தனிச் சுருதி அமைப்புகளும் போடுகிறார்கள். ஹார்மோனிக் மைனரை எடுத்து ஊதினால் நேரே கீரவாணி. முதல் நாள் வாசித்தபோது சுத்த தைவதத்திலிருந்து காகலி நிஷாதத்துக்குத் தாண்டும் அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. அசோகா அல்வா சாப்பிட்ட வாயோடு யாரும் ஊதாதீர்கள். என்னிடம் கற்கும் பையன் ஊதினான், 3-ஆம் துளை இழுத்தால் சத்தமே இல்லை. தகட்டைக் கழற்றிப் பார்த்தால் ரீட்டின் மேல் நெய்யும் சர்க்கரையும் காய்ந்து கண்ணாடி மாதிரி படிந்திருந்தது. பிளாஸ்டிக் சீப்பு என்பதால் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசியதும் பிழைத்தது.

கும்பகோணத்திலிருந்து, மறுபடி

தஞ்சாவூர்க்காரர் சொல்வதை மறுக்க மாட்டேன், ஆறு மாதம் பழகினால் வரும். ஆனால் பழுது வந்தால் என்ன செய்வது என்பதையும் பார்க்க வேண்டும். இழுக்கும் 4, 5 துளைகள்தான் பெரும்பாலும் முதலில் சுருதி இறங்கும். ரீட்டின் நுனியில் லேசாக அரம் போட்டால் சுருதி ஏறும், ரீட்டைத் தகட்டோடு பிணைக்கும் ரிவெட் பக்கம் அரம் போட்டால் இறங்கும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் ரீட் போச்சு. எல்லாம் ஒரே மாடலாக இருந்தால் செத்துப்போன ஒன்றின் மேல்தகடு, சீப்பு, திருகாணி எல்லாம் மற்றதற்கு ஆகும். என்னிடம் அப்படி இரண்டு பழைய கூடுகள் டப்பாவில் இருக்கின்றன, பத்து வருடமாக உதிரிப் பாகம் வாங்கவில்லை. கடைக்குச் சென்னை போக வேண்டிய நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மயிலாடுதுறையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. திருவையாறு அக்கா சொன்னபடி சி-யிலேயே 5 கட்டைக்கு வாசித்துப் பார்த்தேன், இரண்டு பாட்டு உடனே வந்துவிட்டது. 2-ஆம் துளையில் எஃப் இன்னும் நிற்கவில்லை, தினமும் காலையில் அரை மணி நேரம் அதற்குத்தான். ஸ்பெஷல் 20-லேயே ஜி-யும் டி-யும் சொல்லிவிட்டேன். 5½ அடுத்த மாதம். கீரவாணிக்கு லீ ஆஸ்கர் ஒன்று, அதை எந்தச் சுருதியில் வாங்குவது என்று எங்கள் தெருவில் பாடுகிற அக்காவைப் பாடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை கேட்கிறேன்.