கேம் தயாரிப்புச் செலவு எகிறியதற்கு கன்சோல் சிப்தான் காரணமா?

மதுரை ராம்கி:
பிளேஸ்டேஷன் 3 பற்றிப் பேச்சு வந்தாலே ‘சவாலான மெஷின்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், சோனி அந்தச் சவாலை ஸ்டூடியோக்களின் தலையில் கட்டியது. 2006-ல் வந்த அந்த கன்சோலின் செல் சிப்பில் ஒரு முதன்மை கோர், கூடவே எட்டு எஸ்பிஇ (கணக்கு வேலைக்கான துணை கோர்கள்). அதில் ஒன்றைத் தயாரிப்பிலேயே அணைத்துவிட்டார்கள், இன்னொன்று ஓஎஸ்ஸுக்கு. கேமுக்கு மிஞ்சியது ஆறு. ஒவ்வொன்றுக்கும் சொந்த மெமரி 256 கேபி; கோடும் டேட்டாவும் அதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும். ஒரு கேரக்டரின் அனிமேஷனைக் கணக்கிடக்கூட டேட்டாவைத் துண்டு போட்டு, ஒரு துண்டு ஓடும்போதே அடுத்த துண்டை உள்ளே இழுக்கும் வேலையைப் புரோகிராமரே எழுத வேண்டும். போட்டியாக இருந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-ல் ஒரே மாதிரியான மூன்று கோர், பொதுவான 512 எம்பி மெமரி. பிளேஸ்டேஷன் 3-ல் (பிஎஸ்3) அதே 512, ஆனால் 256 + 256 என்று பாகம் பிரித்தது. இரண்டுக்கும் ஒரே கேமைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு முறை சம்பளம் கொடுத்தார்கள்.

பிக்சல் பித்தன்:
ராம்கி அண்ணே, ‘இரண்டு முறை சம்பளம்’ கொஞ்சம் ஓவர். இன்ஜினை (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளை) ஒருமுறை பழக்கிவிட்டால் அடுத்த கேமுக்கு அதே கோடு உதவும். உண்மையான செலவு எங்கே என்று பாருங்கள். 2023-ல் ஆக்டிவிஷன் கேம் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்குவது பற்றிய வழக்கில் சோனி கொடுத்த ஆவணத்தில் எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள், ஸ்கேனில் எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிட்டது (இவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு மார்க்கர் சரியாக வாங்கத் தெரியவில்லை!). ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’-க்கு 22 கோடி டாலர், உச்சத்தில் சுமார் 200 பேர். ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’டுக்கு 21.2 கோடி. முதலாவது 2020-ல் வெளியானபோது பிஎஸ்4-ல் மட்டும்தான் வந்தது. செல் சிப்பும் இல்லை, வேறு கன்சோலுக்கு மாற்றும் போர்ட் வேலையும் இல்லை. அப்புறம் காசு எங்கே போனது? 3டி மாடல், மோஷன் கேப்சர் (நடிகரின் அசைவைப் பதிவது), நடிப்பு, வருஷக்கணக்கான சம்பளம்.

நெல்லை நிலா:
நடுவில் ஒரு தகவல். பிஎஸ்4-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2013-ல் ஒரு உரையில், புது மெஷினில் அடிப்படை கிராஃபிக்ஸ் இன்ஜினை ஓடவைக்க எவ்வளவு காலம் ஆகும் என்று ஒப்பிட்டார்: பிஎஸ்1-க்கு 1–2 மாதம், பிஎஸ்2-க்கு 3–6, பிஎஸ்3-க்கு 6–12, பிஎஸ்4-க்கு மறுபடி 1–2. அதற்காகத்தான் பிசிக்காரர்களுக்குப் பழகிய எக்ஸ்86 வகை சிப்புக்கு மாறினார்கள். சோனிக்கே வலி தெரிந்திருக்கிறது.

பிக்சல் பித்தன்:
பார்த்தீர்களா! ஹார்டுவேர் எளிதான பிறகும் பட்ஜெட் இறங்கவில்லையே.

மதுரை ராம்கி:
எப்படி இறங்கும் தம்பி? பிஎஸ்3-ல் 512 எம்பி, பிஎஸ்4-ல் 8 ஜிபி. பதினாறு மடங்கு. அவ்வளவு இடம் கிடைத்ததும் சுவரின் விரிசலைக்கூடத் தனியாக வரைய ஆள் எடுத்தார்கள். நீங்கள் சொல்லும் கலைச் செலவுக்குக் கதவைத் திறந்துவிட்டதே ஹார்டுவேர்தான். இதுபோக மைக்ரோசாஃப்டின் விலை குறைந்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கதை வேறு. அதன் பெரிய அண்ணனான சீரிஸ் எக்ஸில் மெமரி 16 ஜிபி, இதில் 10. இரண்டிலும் ஒரே அம்சங்கள் ஓட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் பிடிவாதம். ‘பால்டர்ஸ் கேட் 3’ பிஎஸ்5-ல் செப்டம்பர் 2023-ல் வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர். அதுவும் சீரிஸ் எஸ்ஸில் ஸ்பிளிட் ஸ்கிரீனை (ஒரே திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியை) விட்டுவிட அனுமதித்த பிறகுதான்.

நெல்லை நிலா:
அந்தத் தாமதம் அந்த கேமைச் செய்த லேரியன் ஸ்டூடியோவுக்கு நிஜமான செலவுதான், அதில் ராம்கி பக்கம்தான் நான்.

பிக்சல் பித்தன்:
சீரிஸ் எஸ்ஸை விட்டுத்தருகிறேன், மெமரி விஷயத்தை விடமாட்டேன். 8 ஜிபி கொடுத்தார்கள் என்பதற்காக அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ‘ஹாலோ நைட்’ 2018-ல் அதே பிஎஸ்4-ல் வந்தது. செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மதுரை ராம்கி:
அது 2டி! அதை ஹொரைசன் பக்கத்தில் வைத்து அதே விலைக்கு விற்றுக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.