கிண்டர் அருவிப் பாதையில் பலகைக்கல் பாவ வேண்டுமா?

கருமலை (மான்செஸ்டர்)

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில், ஹேஃபீல்டு ஊரிலிருந்து புறப்பட்டு, கிண்டர் நீர்த்தேக்கத்தின் ஓரமாக நடந்து, வில்லியம் க்ளஃப் ஓடைவழியே மேலேறி, கிண்டர் மேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே கிண்டர் டவுன்ஃபால் அருவிக்குப் போகும் வழியை இங்கே பலர் நடந்திருப்பீர்கள். அந்த ஓடைவழி மேலே முடியும் இடத்துக்கு வடக்கே, பெனைன் வே நெடும்பாதையில் வெகுதூரத்துக்குப் பலகைக்கல் பாவியிருக்கிறார்கள். அருவிப் பக்கத்துச் சேற்றுப் பகுதிகளுக்கும் அதை நீட்ட வேண்டும் என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதினார். நான் அதை முழுமூச்சாக எதிர்க்கிறேன்.

மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்த 30 மீட்டர் அருவி கீழே விழாது. காற்று அதை வாரி மேலே எறியும். பல மைலுக்கு அப்பால் இருப்பவர்களும் அந்தத் தூவானத்தைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட நிலத்துக்கு நடைபாதை எதற்கு? இந்தக் கற்களில் பெரும்பாலானவை இடிந்த பஞ்சாலைகளின் தரையிலிருந்து பெயர்த்து, ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கியவை. ஆலைகளில் உழைத்த மக்கள் எந்தத் தரையிலிருந்து தப்பிக்க ஞாயிறுதோறும் மலைக்கு ஓடிவந்தார்களோ, அதே தரையை மலைமேல் விரிப்பது எனக்கு மனவேதனையாக இருக்கிறது.

சேரன் (ஷெஃபீல்டு)

கருமலை ஐயா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் கல் இல்லாத மூர் நிலம், அதாவது மரமற்ற ஈரமேட்டு நிலம், எப்படி இருந்தது என்பதையும் பேச வேண்டும். சற்று வடக்கே 582 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிளாக் ஹில் ஒரு காலத்தில் பெயருக்கேற்ற வெறும் கருஞ்சேறு. முழங்கால்வரை புதைந்தவர்கள் ஏராளம். பாதையில் கல் பதித்து, சுற்றிலும் விதை தூவிய பிறகு இன்று உச்சியெல்லாம் புல்.

காரணம் எளியது. பீட் என்பது மட்காத பாசியும் புல்லும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் சேர்ந்த மண். சேறாகிவிட்ட இடத்தை யாரும் மிதிக்க விரும்புவதில்லை, சுற்றிப் போகிறார்கள். அந்த ஓரமும் சேறாகிறது, அடுத்தவர் இன்னும் விலகிப் போகிறார். ஒற்றையடிப் பாதை கொஞ்ச காலத்தில் அகன்ற கருந்தழும்பாகிவிடுகிறது. 1965-இல் பெனைன் வே திறக்கப்பட்டபோது அது ஈடேல் ஊரிலிருந்து கிரைண்ட்ஸ்புரூக் வழியாகக் கிண்டர் மேட்டின் நடுவே சென்றது. மிதிபட்டு நாசமானதால்தான் பிற்பாடு ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படி ஏற்றத்தின் பக்கமாக மாற்றினார்கள். கல் போடாத பாதைக்குக் கடைசியில் நேர்வது அதுதான்.

நெடுவழி (லீட்ஸ்)

எனக்கும் கல் வேண்டாம், ஆனால் அழகுக்காக அல்ல. வில்லியம் க்ளஃப் ஏற்றம் கரடுமுரடானது, ஓடையைத் திரும்பத் திரும்பத் தாண்ட வேண்டும். மேலே விளிம்பில் கம்பியும் இல்லை, தடுப்பும் இல்லை. மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. மேலே நல்ல பாதை இருக்கிறது என்று கேள்விப்பட்டால் வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் வருவார்கள். உறைபனி படிந்த பலகைக்கல் சேற்றைவிட ஆபத்தானது. தேடி வருபவர்கள் சம்பளமில்லாத மலைமீட்புத் தொண்டர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

வன்னிமகள் (ஸ்டாக்போர்ட்)

நெடுவழி அண்ணா, ஸ்நேக் பாஸ் சாலையின் உச்சி 510 மீட்டரில் இருக்கிறது. அங்கேயிருந்து மில் ஹில் பக்கமாகப் போகும் கல்பாதையில் பெரிய ஏற்றமே இல்லை. முழங்கால் வலியுள்ள என் அம்மாவை அங்கேதான் கூட்டிப் போகிறேன். பருத்திப்புல் வெண்மையாக ஆடுவதையும் மலைமுயல் ஓடுவதையும் அவர் பார்த்தது அந்தக் கற்களால்தான். சேற்றில் தாவித் தாவிப் போகக்கூடியவர்களுக்கு மட்டுமா மூர் நிலம்?

கருமலை

சேரன், நிலத்தைக் கெடுத்த குற்றத்தைக் கால்நடையாக வருபவன் தலையில் கட்டாதீர்கள். கிண்டரை வழுக்கையாக்கியது மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைகளின் புகை. அந்தக் கந்தக அமிலமழையில்தான் ஸ்பேக்னம் பாசி செத்தது. பிறகு காட்டுத்தீயும் அளவுமீறிய ஆட்டுமேய்ச்சலும் மிச்சத்தை முடித்தன.

இன்னொன்று. இந்த மலை பொதுமக்களுக்குப் பூட்டிக் கிடந்த காலத்தில் க்ரௌஸ் பறவை வேட்டை மட்டும் காரணமாகச் சொல்லப்படவில்லை. நடப்பவர்கள் குடிநீரை மாசுபடுத்துவார்கள் என்று நீர்த்தேக்கங்களை வைத்திருந்தவர்களும் சொன்னார்கள். ஸ்டாக்போர்ட்டின் குடிநீருக்காகக் கட்டிய கிண்டர் நீர்த்தேக்கம் 1912-இல் வந்தது. இருபது ஆண்டு கழித்து, 1932 ஏப்ரல் 24 அன்று, பௌடன் பிரிட்ஜ் கல்குவாரியில் கூடிய சில நூறு பேர் அதே வில்லியம் க்ளஃப் வழியாகத் தடையை மீறி ஏறினார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபது. ஆறு பேர் கைதாகி, ஐந்து பேர் இரண்டு முதல் ஆறு மாதம்வரை சிறையில் இருந்தார்கள். அத்துமீறி நுழைந்ததற்காகக்கூட அல்ல, கலகம் செய்ததாகச் சொல்லி! நிலத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு அவர்கள் நினைவு வருகிறது.

சேரன்

அந்த ஐவரை நானும் வணங்குகிறேன். அதனால்தான் கல் கேட்கிறேன்.

புகைதான் முதல் குற்றவாளி, மறுக்கவே இல்லை. ஆனால் அந்தப் புகையால் தோல் உரிந்த நிலத்தில்தான் இன்று நாம் நடக்கிறோம். 2003 முதல் அங்கே நடக்கும் மீட்புப் பணியைப் பாருங்கள். அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு தூவுகிறார்கள், புல்விதை போடுகிறார்கள், ஓடைப்பள்ளங்களில் சிறு தடுப்பணை கட்டி நீரை நிறுத்துகிறார்கள், ஸ்பேக்னத்தைக் கொத்துக் கொத்தாகக் கையால் நடுகிறார்கள். நானும் நட்டிருக்கிறேன். மழைக்காற்றில் குனிந்து நட்ட பாசியின்மேல், சேற்றைத் தவிர்க்க விலகி வந்த பூட்ஸின் தடம் பதிந்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் கோபம் வரும். ஸ்பேக்னம் பஞ்சுபோல நீரைப் பிடித்து வைக்கும். அது இல்லாவிட்டால் மழை பெய்த வேகத்தில் பீட்டைக் கரைத்துக்கொண்டு நீர்த்தேக்கத்துக்கு ஓடும். அந்தப் பழுப்பு நிறத்தை நீக்கப் பெரும் செலவாகிறது. அருவியும் மூரும் குடிநீரும் ஒரே சரடு.

பறவைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்நேக் பாஸ் அருகே கோல்டன் ப்ளோவர் பறவைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். கல் போடுவதற்கு முன் நடப்பவர்களில் முப்பது சதவீதத்துக்கு மேற்பட்டோர் பாதையை விட்டு விலகினார்கள். குஞ்சு வளர்க்கும் காலத்தில் அந்தப் பறவைகள் பாதையிலிருந்து 200 மீட்டர்வரை அண்டவில்லை. கல் போட்ட பிறகு விலகி நடப்பவர்கள் நான்கு சதவீதம்தான், பறவைகள் ஒதுங்கியதும் 50 மீட்டர் மட்டுமே. ஒரு மனிதரைக்கூடத் தடுக்காமல் கிடைத்த பலன் இது. யாரையும் வெளியேற்றாமல் நிலத்தைக் காக்கும் வழி வேறு எது, சொல்லுங்கள்?

கருமலை

நூற்றுக்கு தொண்ணூற்றாறு பேர் ஒரே கோட்டில் நடக்கிறார்கள் என்று நீங்கள் பெருமையாகச் சொல்வதுதான் என் துயரம். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மூர் நிலத்தில் பாதையை விட்டு விலகி நடக்கும் உரிமையைக் கொடுத்தது. அதை யாரும் பறிக்காமலே நாமாகவே கல்லின்மேல் விட்டுவிட்டு வருகிறோம்.

வன்னிமகள்

உரிமை இருப்பதால் கூடு இருக்கும் இடத்தையும் மிதிக்க வேண்டும் என்பதில்லையே, ஐயா. அதே சட்டம்தான் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில் பிடித்திருக்கச் சொல்கிறது.

நெடுவழி

பலகைக்கல் இல்லாமல், உள்ளூர் மணற்கல்லைச் செங்குத்தாகப் பதித்துப் படிபோல் கட்டலாமே? ஜேக்கப்ஸ் லேடரில் அப்படித்தானே இருக்கிறது? கண்ணுக்கும் உறுத்தாது.

சேரன்

சரிவிலும் கெட்டித் தரையிலும் அது நல்ல வழி. ஆழமான பீட்டில் சிறு கற்கள் ஒவ்வொன்றாக மூழ்கிவிடும். அகலமான பலகைக்கல் எடையைப் பரப்பிக்கொண்டு மிதக்கும், அங்கே அதைப் பயன்படுத்தும் காரணம் அதுதான்.

கருமலை

அப்படியானால் இடம்வாரியாகப் பேசுவோம். வில்லியம் க்ளஃப் மேலே முடியும் ஆஷப் ஹெட்டிலிருந்து அருவிவரை விளிம்பு பெரும்பாலும் பாறையும் மணலும். அங்கே ஒரு கல்லும் வேண்டாம் என்பதில் நான் அசைய மாட்டேன். அருவிக்குத் தெற்கே கிண்டர் லோ பக்கத்துப் பீட்டைப் பற்றி வேண்டுமானால் வாதாடுங்கள்.

சேரன்

பாறை விளிம்பில் யாருமே கல் கேட்கவில்லை, ஐயா. ஆனால் அந்த விளிம்பிலும் நடுநடுவே பீட் தேங்கி நிற்கும் பள்ளங்கள் உண்டு, ஆட்கள் உள்பக்கமாக விலகிப் புதுத்தடம் போடுவதும் அங்கேதான். அந்தத் துண்டுகளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அடுத்த மழைக்குப் பிறகு அந்த இடங்களின் படங்களை இங்கே போடுகிறேன், பார்த்துவிட்டு எதிர்த்து எழுதுங்கள்.