ஸ்கோப் டியூப் மங்கிடுச்சு: எல்சிடி மாட்டலாமா?

கருப்பூர்_லேப்:
சேலத்துல ஒரு காலேஜ் லேப். 20 மெகாஹெர்ட்ஸ் எச்எம்203 அனலாக் ஸ்கோப் (சிக்னலோட அலை வடிவத்தைக் காட்டுற ஆசிலோஸ்கோப்) ஆறு, எச்பி 8591இ ஸ்பெக்ட்ரம் அனலைசர் (சிக்னல்ல எந்தெந்த அதிர்வெண் இருக்குன்னு காட்டுறது) ஒண்ணு. எல்லாத்துலயும் திரை மங்கல். டியூபை (பழைய டிவி மாதிரி பிக்சர் டியூப்) கழட்டிட்டு எல்சிடி மாட்டிடலாம்னு பேச்சு ஓடுது. சரிதானா?

மேக்னசைட்:
தாராளமா மாட்டலாம் சார். அனலைசர்ல இருக்கிறது ராஸ்டர் மானிட்டர், டிவி மாதிரி கோடு கோடா வரையுறது. பின்னாடி மானிட்டர் அவுட் இருக்கு. மெனுவுல சிங்க்கை பிஏஎல் (PAL) அல்லது என்டிஎஸ்சி டிவி முறைக்கு மாத்தினா, கார் ரிவர்ஸ் கேமராவுக்கு விக்கிற ஏவி ஸ்கிரீன்லயே படம் வரும். முதல்ல அதை வெளியே வச்சுப் பாருங்க. அங்க பளிச்சுன்னு தெரிஞ்சா கோளாறு மானிட்டர் பக்கம்தான். ஸ்கோப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்ல: ரெண்டு ஏடிசி (சிக்னலை எண்ணா மாத்துற சிப்), ஒரு மைக்ரோகன்ட்ரோலர், வேலை முடிஞ்சுது.

சேர்வராயன்:
அனலைசர் விஷயம் சரி. ஸ்கோப்பை அதோட சேக்காதீங்க. எச்எம்203ல டியூபுக்கு வீடியோவே வரல. சிக்னல் நேரா டியூபுக்குள்ள இருக்கிற ப்ளேட்டுக்குப் போய் எலக்ட்ரான் பீமை இழுக்குது. 20 மெகாஹெர்ட்ஸை உருக்குலையாம பிடிக்க சேனலுக்கு நொடிக்கு 100 மெகா சாம்பிளாவது வேணும். சாதாரண மைக்ரோகன்ட்ரோலருக்குள்ள இருக்கிற ஏடிசி அதுல பத்துல ஒரு பங்கைக்கூட தொடாது. தனி ஏடிசி, எஃப்பிஜிஏ (நம்ம இஷ்டத்துக்கு உள்சுற்றை அமைச்சுக்கிற வேகமான சிப்), மெமரின்னு போனா, பழைய பெட்டிக்குள்ள புது டிஎஸ்ஓ (டிஜிட்டல் ஸ்கோப்) கட்டுற கதைதான். அதுக்குக் கடையில ஒண்ணு வாங்கிடலாம்.

அதுக்கும் முன்னாடி, டியூப்தான் போச்சுன்னு யார் முடிவு பண்ணது? ஸ்கோப்போட 0.2 வோல்ட் கேலிபரேட்டரை (சரிபார்க்க ஸ்கோப்பே தர்ற சிக்னல்) நேரடி வயர்ல கொடுத்து கட்டத்துக்கு 50 மில்லிவோல்ட்ல பாருங்க. 4 கட்டம் வரணும். எச்எம்203ல ஆக்சிலரேஷன் (பீமை முடுக்குற ஹை வோல்டேஜ்) சுமார் 2000 வோல்ட். அது 1700க்கு இறங்கினா பீம் மெதுவாகும், அதே சிக்னல் அதிகமா வளையும், 4 கட்டம் 4.7 ஆயிடும். கிடைமட்டத்துலயும் அதே அளவு நீளும். மங்கலோட படம் ரெண்டு பக்கமும் பெருத்திருந்தா பழி ஹை வோல்டேஜ் மேல. அளவு சரியா இருந்து, இன்டென்சிட்டியை ஏத்த ஏத்த ட்ரேஸ் (திரையில வரையுற கோடு) பஞ்சு மாதிரி பரவி, ஆன் பண்ணி அஞ்சாறு நிமிஷம் கழிச்சு மெல்ல வெளிச்சம் ஏறினா, அப்பத்தான் டியூபோட கேத்தோடு (எலக்ட்ரானை விடுற முனை) தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம்.

லைன்மேடு:
ஃபிலமென்ட் (கேத்தோடை சூடாக்குற இழை) பின்னுல மல்டிமீட்டர் வச்சு 6.3 வோல்ட் வருதான்னு பாத்துடலாமே?

சேர்வராயன்:
வைக்கவே வைக்காதீங்க! டிவி டியூப் பழக்கத்துல வர்ற தப்பு இது. ஸ்கோப்புல கேத்தோடே மைனஸ் 2000 வோல்ட் பக்கம் உக்காந்திருக்கு, ஃபிலமென்ட் வைண்டிங்கும் அதோட சேர்ந்து மிதக்குது. ரெண்டு பின்னுக்கும் நடுவுல 6.3தான், ஆனா உங்க கைக்கும் மீட்டருக்கும் நடுவுல 2000. சாதாரண மீட்டர் 1000 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும். ஸ்கோப்பை ஆஃப் பண்ணி, டிஸ்சார்ஜ் பண்ணி, சாக்கெட்டைக் கழட்டி ஓம்ஸ்ல கன்டின்யூட்டி பாருங்க, போதும். ஹை வோல்டேஜை அளக்கணும்னா 1000:1 ப்ரோப்தான்.

ஹை வோல்டேஜ் இறங்குறதுக்கும் ட்ரேஸ் மங்குறதுக்கும் பெரும்பாலும் காரணம், ஃபோகஸ், இன்டென்சிட்டி செயின்ல இருக்கிற மெகா ஓம் ரெசிஸ்டர் மதிப்பு ஏறிப்போறதும், டிஸ்க் கெபாசிட்டர் கசியறதும். 10 மெகா ஓமுக்கு ஒத்தை ரெசிஸ்டர் போடாதீங்க. 3.3 மெகா ஓம் மூணை வரிசையா போட்டா வோல்டேஜ் பிரிஞ்சுக்கும். ஏற்காடு மாதிரி பனி இறங்குற இடத்துல இருந்து வந்த செட்னா தூசியும் ஈரமும் சேர்ந்தே கசியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சு, நல்லா காயவிட்டு அப்புறம் அளங்க.

மேக்னசைட்:
ஒத்துக்கிறேன், ஸ்கோப் விஷயத்துல அவசரப்பட்டேன். ஆனா கேத்தோடே போயிருந்தா? அதே நம்பர் புது டியூபுக்கு சென்னை ரிச்சி தெரு முழுக்க அலையணும். ஃபிலமென்டுக்கு 7.5 வோல்ட் கொடுத்து எழுப்புற வித்தை சில வாரம் தாங்கும், சில சமயம் ஃபிலமென்டே அறுந்துடும்.

சேர்வராயன்:
அதான் ஆறு ஸ்கோப் இருக்கே. அட்டென்யுவேட்டர் (உள்ளே வர்ற சிக்னலைக் குறைக்கிற பகுதி) போன செட்ல நல்ல டியூப் இருக்கும். ஆறுல நாலு பிழைச்சா லேப் ஓடும். சரி, உங்க எல்சிடியில வர்ற வம்பையும் சொல்லுங்க.

மேக்னசைட்:
சொல்றேன். ஏவி ஸ்கிரீன் பெரும்பாலும் 16:9. படம் அகலமா நீண்டு, பக்கத்துல இருக்கிற சாஃப்ட்கீக்கு (திரையில வர்ற எழுத்துக்கு ஏத்தபடி வேலை மாறுற பட்டன்) நேரா எழுத்து வராது. அதனால 4:3 பேனல்தான். மாட்டுறதுக்கு முன்னாடி பழைய முகப்போட வச்சு எழுத்தையும் பட்டனையும் ஒத்துப் பாருங்க.

பழைய மானிட்டர்ல யோக்கை (டியூப் கழுத்துல பீமை வளைக்கிற காயில்) மட்டும் கழட்டி எல்ஓடியை (டியூபுக்கு ஹை வோல்டேஜ் தர்ற ட்ரான்ஸ்ஃபார்மர்) ஓட விட்டா ஹாரிசான்டல் ட்ரான்சிஸ்டர் போயிடும். போர்டோட சப்ளை கனெக்டரையே எடுங்க. டியூப் அனோடை 100 கிலோ ஓம் வழியா சேசிஸுக்கு டிஸ்சார்ஜ் பண்ணி, அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை பண்ணுங்க, கண்ணாடியில தங்கின சார்ஜ் திரும்ப ஏறும். மானிட்டர் இழுத்த லோடு போனதும் சில எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) விக்கல் எடுத்த மாதிரி விட்டு விட்டு ஓடும். 12 வோல்ட் லைன்ல 22 ஓம் 10 வாட் ஒண்ணு போட்டா அரை ஆம்பியர் இழுக்கும். ஆறரை வாட் சூடு வரும், ஃபேன் காத்துல வையுங்க.

வீடியோ அவுட் இல்லாத, டிடிஎல் சிக்னல் (0, 5 வோல்ட்னு ரெண்டே நிலை உள்ள டிஜிட்டல் சிக்னல்) மட்டும் வர்ற கருவின்னா வேற வேலை. 74எச்சிடி244 பஃபர், அப்புறம் 470 ஓம். 75 ஓம் இன்புட்ல 0.69 வோல்ட் வரும். பச்சை லைன்ல மட்டும் கொடுத்தா பழைய நிறமும் கிடைக்கும். அங்கிருந்து ஜிபிஎஸ்-8200ங்கிற வீடியோ மாத்தி போர்டு வழியா விஜிஏ.

சேர்வராயன்:
எல்சிடி பேக்லைட்டை எரிய வைக்கிற கன்வர்ட்டரோட மின் இரைச்சலை விட்டுட்டீங்க. அனலைசருக்குள்ள எல்சிடியை வச்சா திரையில பொய் முள் (உண்மையில இல்லாத சிக்னல்) முளைக்கும்.

மேக்னசைட்:
முளைக்கும்தான். இன்புட்ல 50 ஓம் டெர்மினேட்டர் போட்டு, ஆர்பிடபிள்யூவை (அனலைசர் எவ்வளவு நெருக்கமான அதிர்வெண்களைப் பிரிச்சுக் காட்டும்ங்கிற அளவு) இருக்கிறதுலயே கீழ இறக்கி, எல்சிடி மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம் எடுங்க. புது முள் வந்தா பேனல் முதுகுல காப்பர் டேப் ஒட்டி சேசிஸோட சேருங்க, சப்ளை வயர்ல ஃபெரைட் மாட்டுங்க. அதுக்கும் அடங்கலேன்னா ஸ்கிரீனை உள்ள வைக்காதீங்க, மானிட்டர் அவுட்ல கேபிள் போட்டு மேசை மேல தனியா வச்சுக்கலாம்.

கருப்பூர்_லேப்:
அப்ப ஸ்கோப்புக்கு முதல்ல கேலிபரேட்டர் டெஸ்ட், அனலைசருக்கு ஏவி ஸ்கிரீன். கழட்டின மானிட்டர் போர்டை பழைய இரும்புக்குப் போடலாமா?

சேர்வராயன்:
போடாதீங்க. டியூபோட சேத்து, கழுத்துல அடி படாம தெர்மாகோல்ல வச்சு, செட் நம்பர் எழுதி அலமாரியில வையுங்க.