சுகமே இல்லைங்கிறான், ஆனா தேடுதுங்கிறான்: மூளைக்குள்ள என்னதான் நடக்குது?

பின்_பெஞ்ச்:
என் தம்பி விஷயம். கால்ல ஆபரேஷன் பண்ணப்போ வலிக்கு ஓபியாய்டு (மார்ஃபின், ஹெராயின் வகையறா) மாத்திரை குடுத்தாங்க, கால் சரியாயிடுச்சு, மாத்திரை மட்டும் நிக்கல, அப்புறம் எங்கெங்கயோ வாங்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப ட்ரீட்மென்ட் எடுத்து நாலு மாசமா சுத்தமா இருக்கான். நேத்து ராத்திரி பேசிட்டிருக்கும்போது சொல்றான், "அண்ணே, கடைசி ஒரு வருஷம் அதுல எந்த சுகமும் இல்ல, ஆனா மாத்திரை அட்டையை பிதுக்குற அந்த 'டப்' சத்தம் இருக்குல்ல, அது கேட்டா இப்பவும் கை வேர்க்குது"ன்னு. அம்மா தினமும் பிரஷர் மாத்திரை போடும்போது இவன் ஏன் எழுந்து வெளிய போறான்னு இப்பதான் எனக்கு உறைச்சுது. சுகமே இல்லாதத எதுக்கு ஒருத்தன் தேடுவான்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அட்வைஸ் வேணாம், அது சொந்தக்காரங்களே நிறைய குடுக்குறாங்க.

நைட்_டூட்டி:
போதை மீட்பு வார்டுல நர்ஸா இருக்கேன். உங்க தம்பி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, நிறைய பேர் இதையேதான் சொல்வாங்க.

டோபமைன்னா சந்தோஷ கெமிக்கல்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க, கேட்டு கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. அது சந்தோஷம் குடுக்கறதைவிட "இது முக்கியம், மறந்துடாத, மறுபடி போ"ன்னு மணி அடிக்கிற வேலையைத்தான் அதிகமா பண்ணுது. 1990கள்ல வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளை வச்சு பண்ண சோதனையில, முதல்ல ஜூஸ் குடிக்கும்போது டோபமைன் செல் துடிச்சுது, கொஞ்ச நாள்ல ஜூஸ் வரப்போகுதுன்னு காட்டுற சிக்னலுக்கே துடிக்க ஆரம்பிச்சு ஜூஸ் வரும்போது கம்முனு இருந்துச்சு. உங்க தம்பிக்கு அந்த சிக்னல்தான் அட்டை சத்தம்.

சாப்பாடு மாதிரி விஷயம்னா மூளை பழகிட்டு "சரி, தெரிஞ்சதுதானே"ன்னு அடங்கிடும். போதைப் பொருள் அப்படி அடங்க விடாது, ஏன்னா அது நேரா மெஷினுக்குள்ளயே கைய விடுது. கொகைன், வெளிய வந்த டோபமைனை திரும்ப உறிஞ்சுற பம்பை அடைச்சிடும். மெத் (மெத்தாம்ஃபெட்டமைன்) அதே பம்பை தலைகீழா ஓட விட்டு டோபமைனை வெளிய கொட்டும். ஓபியாய்டு வேற ரூட்டு, டோபமைன் செல்லை பிடிச்சு வச்சிருக்கிற பிரேக்கை லூஸ் பண்ணி விட்டுடும். எந்தப் பக்கம் போனாலும் மணி அடிச்சிட்டே இருக்கும்.

இன்னொரு பக்கம் சுகம் தேயும். ரிசெப்டர்கள், அதாவது மூளை செல்லுல மருந்து போய் ஒட்டுற இடங்கள், மந்தமாகும், அதே டோஸ் பத்தாது, இல்லன்னா உடம்பு முறுக்கும். ஓபியாய்டு எதை எல்லாம் அமுக்கி வச்சுதோ அதெல்லாம் எதிர்ப்பக்கம் துள்ளும்: மலச்சிக்கல் இருந்த இடத்துல பேதி, ஊசிமுனை மாதிரி இருந்த கண்மணி பெருசாகும், கொட்டாவி, மூக்குல தண்ணி, கோழித்தோல் மாதிரி புல்லரிப்பு. அப்போ மாத்திரை போடறது சந்தோஷத்துக்கு இல்ல, சாதாரணமா நிக்கறதுக்கு. ஆசைப்படறதும் ரசிக்கிறதும் மூளையில வேற வேற விஷயம்னு ராபின்சன், பெரிட்ஜ்னு ரெண்டு பேர் 1993லயே எழுதிட்டாங்க. ரசனை செத்தாலும் ஆசை மட்டும் பெருத்துக்கிட்டே போகலாம்.

சும்மா_சொல்றேன்:
படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லாத்தையும் மூளை மேல தூக்கி போட்டுட்டா மனுஷனுக்கு பொறுப்பே இல்லையா சகோ? வியட்நாம்ல இருந்து 1971ல திரும்பின அமெரிக்க சிப்பாய்களை லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா ஆராய்ச்சி பண்ணாங்க. அங்க இருந்தப்போ கிட்டத்தட்ட 20% பேர் ஹெராயினுக்கு அடிமையா இருந்தோம்னு சொன்னாங்க, ஊருக்கு வந்த முதல் வருஷத்துல அவங்கள்ல 5% பேர்தான் மறுபடி அடிமையானாங்க. மூளை கெட்டுப்போச்சுன்னா மத்தவங்க எப்படி விட்டாங்க? மனசுதான்.

மூணு_வருஷம்_ஆச்சு:
சும்மா_சொல்றேன், நல்ல உதாரணம் குடுத்தீங்க, ஆனா அது எங்க கட்சிக்குத்தான் சாட்சி சொல்லுது. அவங்க விட்டது வெறும் மனசால இல்ல, இடமே மாறிடுச்சு. அந்த சத்தம், அந்த ஆளுங்க, அந்த பயம் எதுவும் வீட்ல இல்ல. நான் ஹெராயின் விட்டு 14 மாசம் கழிச்சு, பழைய ஆளை பாக்க எறங்குற பஸ் ஸ்டாப் வழியா சும்மா போனேன், அவ்ளோதான், வயிறு கலக்கி மூக்கு ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. ஜுரம்னு நெனச்சேன். ரெண்டு ஸ்டாப் தாண்டினதும் ஒண்ணும் இல்ல. பொறுப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன், ஆனா அந்த மூக்கு நான் சொல்லி ஒழுகல.

பின்_பெஞ்ச் அண்ணே, நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன், இதுதான் எல்லாத்தைவிட முக்கியம். தம்பி நாலு மாசம் சுத்தமா இருந்ததால பெரிய டோஸைத் தாங்குற உடம்பு பழக்கம் எறங்கிடுச்சு. ஒருவேளை வழுக்கினா கை பழைய டோஸைத்தான் எடுக்கும், அது இப்ப அவனை கொன்னுடும். மூச்சு விடச் சொல்ற பகுதி மூளைத்தண்டுல இருக்கு, ஓபியாய்டு அதைத்தான் தூங்க வைக்குது. என் கூட இருந்த ரெண்டு பேர் போனது இப்படித்தான், உச்சத்துல இருந்தப்போ இல்ல, விட்டதுக்கு அப்புறம்.

நைட்_டூட்டி:
ஆமா. இதுல இடமும் சேரும். 1982ல சீகல்னு ஒரு ஆராய்ச்சியாளர் எலிகளை வச்சு காட்டினார்: ஹெராயின் பழகின எலிக்கு வழக்கமான ரூம்ல பெரிய டோஸ் குடுத்தப்போ 32% செத்துச்சு, பழகாத ரூம்ல அதே டோஸுக்கு 64%. பழகின இடத்தை பாத்ததும் உடம்பு முன்கூட்டியே எதிர்ப்புக்கு தயாராகுது, புது இடத்துல தயாராகல.

நலாக்சோன்னு ஒரு மருந்து இருக்கு, ஓவர்டோஸ் ஆனா குடுக்கறது, அதைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, ஓபியாய்டை ரிசெப்டர்ல இருந்து தள்ளி விட்டு மூச்சை திருப்பிடும். ஆனா அரை மணியில இருந்து ஒன்றரை மணிக்குள்ள அதோட வேகம் எறங்கிடும், உள்ள இருக்கிற மாத்திரை இன்னும் வேலை செஞ்சிட்டிருக்கலாம், அதனால எழுந்து உக்காந்துட்டான்னு ஆம்புலன்ஸை திருப்பி அனுப்பிடாதீங்க.

ஜன்னலோரம்:
குறுக்க வர்றேன், மன்னிச்சுக்கோங்க. அப்பா 20 வருஷமா தினமும் குடிக்கிறவர், நாளையில இருந்து ஒரு சொட்டு தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கார். விடட்டுமா?

நைட்_டூட்டி:
விடட்டும், ஆனா வீட்ல தனியா வேணாம், இன்னிக்கே டாக்டரை பாருங்க. ஓபியாய்டை நிறுத்தினா செத்துடுவோம்னு தோணும், பெரும்பாலும் சாக மாட்டாங்க. சாராயத்தை திடீர்னு நிறுத்தினா நெஜமாவே உயிர் போகலாம். வருஷக்கணக்கா அமுக்கி வச்ச மூளை ஒரேயடியா எகிறும், முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாதது கண்ணுக்கு தெரியும், ஜுரம், நடுக்கம், குழப்பம். சத்தியம் பண்றவங்க வீட்லதான் இதை ரொம்ப பாத்திருக்கேன்.

பின்_பெஞ்ச்:
எல்லாருக்கும் நன்றி. டாக்டர்கிட்ட நாளைக்கு போறோம், நலாக்சோன் கேக்கறேன். அம்மாகிட்ட காரணம் சொல்லாம மாத்திரையை எல்லாம் அட்டையில இருந்து எடுத்து ஒரு டப்பால போட்டுட்டேன். காலைல தம்பி டப்பாவை பாத்தான், என்னை பாத்தான், எழுந்து போகல.

நைட்_டூட்டி:
சில மாத்திரைக்கு காத்து பட்டா ஆகாது, அதை மட்டும் மருந்துக்கடையில கேட்டுக்கோங்க.